கடல் பிரித்த காதல்

காதல் இலக்கியம் கூடலை மட்டும் பாடுவதன்று. பிரிவே அதன் உயிர்நாடி. கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறு அதற்கோர் உரையாகவே அமைந்தது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இங்கு ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து இந்திய ஆண்கள் இருந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிராங்கூன் சாலைக்கு வந்தோர் பலரின் இல்லாள் ஊரிலேயே இருந்தாள்.

அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டுதல் கூடாது என்பது மரபு. பெயரற்ற தலைவனின் இடத்தில் படிப்பவன் தன்னையே வைத்துப் பார்க்கலாம். பழம்பெரும் பாலைப் பாட்டு கூலியாளின் நெஞ்சையும் பேசுவது இதனாலேயாம்.

பின்னர்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஆயினும் கட்டுமானத் தொழிலுக்கு வரும் இளைஞர் இன்றும் தனித்தே வருகின்றனர். பிரிவு உள்ளவரை காதல் இலக்கியம் பழையதாவதில்லை.