ஊன ஓய்வூதியமும் வருமான வரியும் (இந்தியப் படைத்துறை)

ஊன ஓய்வூதியம் என்பது படைப்பணியால் ஏற்பட்ட அல்லது படைப்பணியால் மோசமடைந்த உடற்குறைபாட்டுக்காக இந்தியப் படைவீரர்களுக்கு வழங்கப்படும் ஓய்வூதியம் ஆகும். ஏனைய ஓய்வூதியங்கள் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுகின்றன. ஊன ஓய்வூதியத்துக்கோ 1922 ஆம் ஆண்டிலேயே வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு, குறைபாட்டுடன் ஓய்வு பெற்ற அனைவருக்கும் உரியதா, குறைபாட்டினால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதா என்பது 2019 இல் பெரும் சர்ச்சைக்குள்ளானது.

கூறுகள்

ஊன ஓய்வூதியம் இரண்டு கூறுகளைக் கொண்டது.

* சேவைக் கூறு: பணியாற்றியதற்காக வழங்கப்படுவது.
* ஊனக் கூறு: குறைபாட்டின் விழுக்காட்டைப் பொறுத்து வழங்கப்படுவது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், 100% குறைபாட்டுக்கு இது கடைசி ஊதியத்தின் 30% ஆக அமைந்தது.

குறைபாட்டின் அளவை மருத்துவக் குழு முடிவு செய்கிறது. 1996 முதல் இவ்வளவை மேல்நோக்கி முழுமையாக்கும் முறை வந்தது. இதன்படி 50% இற்குக் குறைவானது 50% ஆகவும், 50 முதல் 75 வரையிலானது 75% ஆகவும், அதற்கு மேற்பட்டது 100% ஆகவும் கொள்ளப்படும். தொடக்கத்தில் உடற்தகுதியின்மையால் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இச்சலுகையை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உரியதாக உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 2014 திசம்பரில் உறுதி செய்தது.

வரிவிலக்கின் வரலாறு

1922 ஆம் ஆண்டு மார்ச்சு 21 அன்று, ஆங்கிலேய இந்திய அரசின் நிதித்துறை வெளியிட்ட 878-எஃப் எண்ணுள்ள அறிவிக்கையே இவ்விலக்கின் மூலம் ஆகும். 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்த பின்னரும், பழைய அறிவிக்கைகளைக் காக்கும் பிரிவின் வழியாக இது தொடர்ந்தது. வீரதீர விருது பெற்றோரின் ஓய்வூதியத்துக்கான விலக்கு அச்சட்டத்தின் 10(18) ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தது. ஊன ஓய்வூதியமோ அறிவிக்கையை மட்டுமே நம்பியிருந்தது. பிற்காலத்தில் சுற்றறிக்கை ஒன்றினால் இதன் எல்லையைச் சுருக்க முயன்றதற்கு இதுவும் வழி வகுத்தது.

மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001 சூலை 2 அன்று வெளியிட்ட அறிவுறுத்தலில், சேவைக் கூறும் ஊனக் கூறும் சேர்ந்த முழுத் தொகைக்கும் விலக்கு உண்டு எனத் தெளிவுபடுத்தியது.

2019 சுற்றறிக்கை

2019 சூன் 24 அன்று அதே வாரியம் 13/2019 எண்ணுள்ள சுற்றறிக்கையை வெளியிட்டது. உடற்குறைபாட்டினால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்றும், பணிக்காலம் முடித்தோ வேறு வகையிலோ ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றும் அது கூறியது. வாழ்க்கைமுறை நோய்களுக்கும் ஊன ஓய்வூதியம் கோருவோர் பெருகிவிட்டனர் என்பது இம்மாற்றத்தை ஆதரித்தோரின் வாதம் ஆகும். காயமடைந்த பின்னரும் பணியில் நீடித்தவரே இதனால் தண்டிக்கப்படுகிறார் என எதிர்த்தோர் வாதிட்டனர். வழக்குத் தொடரப்பட்டதை அடுத்து, அன்றிருந்த நிலையே தொடர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019 ஆகத்தில் இடைக்கால ஆணையிட்டது.

எடுத்துக்காட்டு

ஒரே குண்டுவெடிப்பில் இரு வீரர்கள் காலில் காயமடைந்து, இருவருக்கும் 40% குறைபாடு கணிக்கப்பட்டதாகக் கொள்வோம். இது 50% ஆக முழுமையாக்கப்படும். இருவரின் கடைசி ஊதியமும் 50,000 ரூபாய் எனவும், சேவைக் கூறு அதில் பாதி எனவும் வைத்துக்கொண்டால்:

* சேவைக் கூறு: 25,000 ரூபாய்
* ஊனக் கூறு (ஊதியத்தின் 15%): 7,500 ரூபாய்
* மொத்தம்: மாதம் 32,500 ரூபாய், ஆண்டுக்கு 3,90,000 ரூபாய்

முதலாமவர் உடற்தகுதியின்மையால் விடுவிக்கப்பட்டார். இரண்டாமவர் மேசைப்பணிக்கு மாற்றப்பட்டு, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றார். 2019 சுற்றறிக்கையின்படி முதலாமவரின் தொகை முழுவதற்கும் வரி இல்லை. இரண்டாமவரின் 3,90,000 ரூபாயும் வரிக்குரிய வருமானமாகும். காயம் ஒன்றே, பணியை விட்டு நீங்கிய விதமே வேறு.

நடைமுறை

வரிவிலக்குக் கோருபவருக்கு ஓய்வூதிய ஆணையே முதன்மைச் சான்று. ஊனக் கூறு, அதன் விழுக்காடு ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஓய்வூதியம் வழங்குமிடத்தில் வரி பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், வருமான வரி விவர அறிக்கை தாக்கல் செய்து திரும்பப் பெறக் கோரலாம். பழனி வட்டத்தின் பாலசமுத்திரம் போன்ற பேரூராட்சிகளில் வாழும் முன்னாள் படைவீரர்கள் திண்டுக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் பெறலாம். குறைபாடு பணியால் நேர்ந்ததல்ல என ஓய்வூதியமே மறுக்கப்பட்டால், 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் தோன்றினால், அது பணியால் வந்ததென்றே ஊகிக்க வேண்டும் என்பது தரம்வீர் சிங் வழக்கில் 2013 இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு ஆகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை வழங்கும் ஊன இழப்பீட்டுக்கு வரி இல்லை. ஆனால் படைத்துறை வழங்கும் ஊன ஓய்வூதியம், போர் தொடர்பான காயத்துக்கானது என்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்குப் பெறுகிறது. போர்க் காயத்துக்காக ஒரே தவணையில் வழங்கப்பட்ட ஊனப் பணிக்கொடையில் 1991 முதல் தவறாகப் பிடித்த வரியைத் திருப்பித் தருவதற்காக 2016 இல் அங்கு தனிச் சட்டமே இயற்றப்பட்டது.