குப்பைன்னா எங்க ஊர்ல எரு

போன வாரம் அக்கா மகனை வண்டியில் உட்கார வைத்து புதுச்சேரிக்குப் போனேன். குரும்பாபேட் பக்கம் போகும்போது காற்று திரும்பியது. "என்ன மாமா இப்படி நாறுது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான். "சென்னையில இருக்கற பையன், பெருங்குடிப் பக்கம் போனதே இல்லையாடா?" என்றேன்.

எங்கள் ஊரில் குப்பை என்றால் எரு. "குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் வயலுக்கு எரு போட்டாயா என்று அர்த்தம். தாத்தா காலத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போன மாட்டுவண்டி, திரும்பி வரும்போது வாழைச் சருகு, கீரைத்தண்டு, சாணி என்று ஏற்றிக்கொண்டு வருமாம். டவுன் கழித்ததை வயல் தின்றது. அப்போது பிளாஸ்டிக் இல்லை, அதனால் அந்தக் கணக்கு நேராக இருந்தது.

டவுனுக்கும் இதில் பழைய சரித்திரம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1880ல் கொம்யூன்களுக்கு நகரசபை அமைத்தார்கள். அந்த வார்த்தை இன்றும் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துப் பலகையில் இருக்கிறது. தெரு கூட்டுவது, வாய்க்கால் வாருவது எல்லாம் உள்ளூர் சபையின் வேலை என்பதே அந்த ஏற்பாடு. 1954ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது, 1962ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். 1968ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது தெரியுமா? 2006ல்! முப்பத்தெட்டு வருஷம். அந்த உறுப்பினர்களின் காலம் 2011ல் முடிந்தது. 2021ல் தேதி அறிவித்தும் நின்றுபோனது. குப்பையை எங்கே கொட்டுவது என்று அதிகாரி முடிவு செய்தால், அந்த ஊர்க்காரன் யாரைப் போய்க் கேட்பான்?

முன்பு கருவடிக்குப்பத்தில் கொட்டினார்கள். பாரதி உலாவிய குயில் தோப்பு இருக்கிற அதே ஊர். அப்புறம் குரும்பாபேட். அங்கே மலையாகச் சேர்ந்ததை இப்போது எந்திரத்தில் சலித்துப் பிரிக்கிறார்கள். மண் தனி, கல் தனி, எரிக்க ஏற்ற பிளாஸ்டிக் தனி. இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாகப் போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ஒரு பக்கம் சலிக்கச் சலிக்க, மறுபக்கம் புதிய வண்டி வந்து கொட்டினால் எப்போது தீரும்? இலங்கையில் மீதொட்டமுல்லை குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்றைக்கே சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

கிடங்கு மூடுகிறது என்றதும் எங்களைப் போன்ற கிராமத்துக்காரனுக்கு வருகிற பயம் ஒன்றுதான்: அடுத்தது நம்ம ஊரா? பெரிய இடமாக ஒன்றைத் தேடாமல், வார்டுக்கு ஒரு சின்ன உரக்கூடம் போட்டால் அந்தப் பயம் பாதி போய்விடும். ஈரக்குப்பையை அங்கேயே மக்க வைக்கலாம், மிச்சம் கொஞ்சம்தான். 2016ஆம் வருஷ விதியும் வீட்டிலேயே பிரிக்கத்தான் சொன்னது.

வாங்கிக்கொள்ள நான் தயார். ஏற்கெனவே ஒரு தடவை வாங்கினேன். நகரக் குப்பை உரம் என்று ஒரு டிராக்டர் லோடு கொடுத்தார்கள், வயலில் இறைத்தேன். நடவு அன்று ஒரு அக்கா, "அய்யோ" என்று காலைத் தூக்கினார். பாதத்தில் கண்ணாடித் துண்டு. சேற்று நீரில் ரத்தம் கரைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று வாரம் அவருக்கு வேலை இல்லை, கூலியை நான் கொடுத்தேன். வலியை யார் கொடுத்தது? அந்த வயலில் இன்றும் செருப்பில்லாமல் இறங்க யோசிக்கிறேன்.

டவுனில் இருக்கிற நீங்கள் உடைந்த கண்ணாடியைத் தனியாகச் சுற்றி வையுங்கள், போதும். உங்கள் தோசைக்கு அரிசி அந்த வயலிலிருந்துதான் வருகிறது.