புண்ணில் தூவிய பொடி

மட்டாஞ்சேரியின் கடைவீதிகளில் நடப்போரைச் சுக்கும் மிளகும் மஞ்சளும் கலந்த மணம் இன்றும் எதிர்கொள்ளும். அம்மஞ்சளைக் குழம்பில் மட்டுமன்றி, அடிபட்ட காலிலும் இட்டுப் பழகியவர் நாம். கொச்சி டச்சுக்காரர் வசமிருந்த காலத்தில் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரையும் கொங்கணி வைத்தியர் மூவரையும் துணைகொண்டு இந்நிலத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் மஞ்சளும் இடம்பெற்றது.

புண்ணிலேயே மருந்தை இடுதல் அத்துணைப் பழைய எண்ணம். அது முதுகெலும்பு அறுவை வரை வந்த வரலாற்றையே இங்கு காண்போம்.

முறிந்த எலும்பின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காத்த முறையை லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர் சல்பா பொடிப் பொட்டலத்தைத் தம்முடன் வைத்திருந்தனர். காயம் பட்டவுடன் தூவுவதற்கு. ஆயினும், போர் முடியுமுன்னரே அப்பொடியின் பயனை மருத்துவர் ஐயுற்றனர். ஊசிவழி செலுத்தும் பெனிசிலின் வந்தபின் பொட்டலம் மறக்கப்பட்டது.

முதுகெலும்பு அறுவையோ தனி இடர் உடையது. அங்கே பொருத்தும் உலோகத் திருகுகளின்மேல் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். இரத்தத்தின் வழிவரும் மருந்து அவற்றை எளிதில் வெல்லாது. புண் சீழ்ப்பிடித்தால் மீண்டும் திறந்து கழுவ வேண்டும், வாரக்கணக்கில் ஊசி, சிலபோது திருகையே அகற்ற நேரும். ஊரைவிட்டு வந்து கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு இதன் பொருள் என்னவென்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, தையலிடுமுன் வான்கோமைசின் பொடியைப் புண்ணினுள் தூவும் வழக்கம் பரவிற்று. போர்னியோத் தீவின் மண்ணிலிருந்து 1950-களில் கிடைத்த மருந்து இது. 1958-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 'வெல்லுதல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் பிறந்ததாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயர் சற்று அவசரப்பட்டதாகவே தோன்றுகிறது.

2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பொடி தூவாத காலத்தில் நூற்றுக்கு 2.6 ஆக இருந்த ஆழ்ந்த தொற்று, தூவிய பின் 0.2 ஆயிற்று என்றது. கேட்டோர் வியந்தனர். ஆனால் முன்னவர் ஒரு காலத்தவர், பின்னவர் வேறொரு காலத்தவர். இடைப்பட்ட ஆண்டுகளில் வேறென்னென்ன மாறினவோ!

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையார் ஒரே காலத்து நோயாளர் 907 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஊசிமருந்து அனைவருக்கும் உண்டு. பொடியோ 433 பேருக்கு மட்டும். பொடி பெற்றோரில் எழுவருக்குத் தொற்று. பெறாத 474 பேரில் எண்மருக்கு. வேறுபாடு இல்லை என்றே கூறலாம். தொற்று முன்னரே அருகியிருக்கும் மருத்துவமனையில் பொடிக்கு வேலை குறைவு போலும். தாம் விரும்பாத விடையையும் மறைக்காது அச்சேற்றிய அச்செயலை, வியப்பூட்டிய முந்தைய ஆய்வினும் நாம் மேலாக மதிக்கிறோம்.

வழக்கு அத்துடன் தீரவில்லை. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்தோரிடையே அமெரிக்காவில் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், அப்பொடி சிலவகைக் கிருமிகளை மட்டும் குறைத்தது, ஏனையவற்றைத் தொடவில்லை. முதுகெலும்பு அறுவையில் பொடி தூவுவோரும் தூவாதோரும் இன்றும் உளர். கத்தி வைக்குமுன் நரம்பில் ஏற்றும் ஊசிமருந்தை மட்டும் இருசாராரும் கைவிடவில்லை.