கலராக்கும் கிரீம் வேறு, கலர் கரெக்டர் வேறு

காஸ்மெட்டிக் கடையில் பச்சை, ஆரஞ்சு, மஞ்சள்னு பெயின்ட் டப்பா மாதிரி சின்னச் சின்ன கிரீம் அடுக்கி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேர் கலர் கரெக்டர். "இதைப் போட்டா கலராயிடுவேனா டாக்டர்?" என்பதுதான் இதைப் பற்றி வரும் முதல் கேள்வி.

ஆக மாட்டீங்க. அதுதான் இதில் உள்ள நல்ல விஷயமே. ஏன்னு புரிய கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

முகத்தை ஒரே நிறமாகக் காட்டும் ஆசை பழசு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அதற்குப் பயன்பட்டது ஈயம். ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்து எடுத்த வெள்ளைப் பொடியைக் குழைத்து முகம் முழுக்கப் பூசினார்கள். அம்மைத் தழும்பு முதல் தேமல் வரை எல்லாம் மறைந்தது. கூடவே ஈயம் உடம்பில் சேர்ந்தது, தோலும் கெட்டது. கெட்ட தோலை மறைக்க இன்னும் தடிமனாகப் பூசினார்கள். லண்டனின் பேரழகி என்று பெயர் எடுத்த மரியா, கவென்ட்ரி கோமகள், 1760-ல் முப்பது வயதைத் தொடும் முன்பே இறந்தார். அந்தப் பூச்சுதான் காரணம் என்று அன்றிலிருந்தே சொல்லப்படுகிறது.

அடுத்த திருப்பம் வந்தது ஒரு சாயப்பட்டறையில்!

பாரிஸில் கோபலின் என்ற அரசு நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவின் தலைவர் செவ்ரூல் என்ற வேதியியல் அறிஞர். "கறுப்பு நூல் மங்கலா தெரியுது" என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். சாரம் இதுதான்: எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். கலந்துவிட்டால் இரண்டும் மங்கிவிடும்.

கலர் கரெக்டரின் மொத்த ரகசியமும் அந்தக் கடைசி வரியில் இருக்கு.

சிவப்புக்கு எதிர் பச்சை. அதனால் சிவந்த பருத் தழும்பு மேல் பச்சை. நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. நம்ம மாதிரி பழுப்புத் தோலில் கண்ணுக்குக் கீழே வரும் கருவளையம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். அதனால் அங்கே ஆரஞ்சு. மெல்லிசாகத் தொட்டு வைத்து, அதன் மேல் உங்கள் தோல் நிறத்தில் கன்சீலர். கரெக்டர் போடாமல் வெளிர் நிறக் கன்சீலரை மட்டும் அப்பினால் சாம்பல் பூசின மாதிரி இருக்கும்.

இதை மருத்துவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லிடியா ஓ'லியரி. பிறவியிலேயே முகத்தில் பெரிய சிவந்த படை. அதனாலேயே கடையில் விற்பனையாளர் வேலை மறுக்கப்பட்டது. தானே ஒரு மறைப்பு கிரீம் உருவாக்கினார். 1928-ல் வந்த அதன் பெயர் கவர்மார்க். 1932-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதிகாரிகள் முன்னால் பூச்சைத் துடைத்துக் காட்டித்தான் வாங்கினார் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் முகம் தீக்காயம் பட்ட வீரர்களுக்கும் இத்தகைய பூச்சுகள் உதவின. பிரிட்டனில் 1975-ல் செஞ்சிலுவைச் சங்கம் நோயாளிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிச் சேவையே தொடங்கியது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே மங்கு வந்தால் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "கலர் கிரீம்" வாங்குகிறோம். பலதில் ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே போடுவார்கள். 1760-ல் ஈயம் செய்த அதே சுழற்சி! 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கு.

முகவரி இல்லாத இறக்குமதி கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளாவின் மலப்புரத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி 2023-ல் செய்திகள் வந்தன.

வித்தியாசம் புரியுதா? கலர் கரெக்டர் தோலுக்கு மேலே நிற்கும், ராத்திரி கழுவினால் போய்விடும். கலராக்கும் கிரீம் உள்ளே போய் வேலை செய்யும்.

மறைப்பதில் தப்பே இல்லைங்க. வெண்புள்ளி உள்ளவர் கல்யாணத்துக்குப் போகும்போது மறைக்க விரும்பினால் அது அவர் உரிமை. மறைக்காமல் போனாலும் அவர் உரிமை.

ஆனால் இவற்றை மறைக்காதீங்க:

1. வெளிறிய அல்லது சிவந்த படையில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால். தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுசா குணமாகும்.
2. திடீரென்று வளரும், நிறம் மாறும், ரத்தம் கசியும் மச்சம்.
3. கன்னத்தில் வெயில் பட்டால் அதிகமாகும் சிவந்த படை, கூடவே மூட்டுவலி, காய்ச்சல்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்க. மேக்கப் அப்புறம் பார்த்துக்கலாம்.