ஏலத்துக்கு வரும் பழைய கணினி: அசலா, போலியா?



இணைய ஏலத்தில் பழைய கணினி வாங்கிச் சேர்க்கும் ஆர்வம் நம் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. என் பழைய மாணவர் ஒருவர் படம் படமாக அனுப்பி, "ஐயா, இது அசல்தானா?" என்று கேட்கிறார். வரலாறு நடத்திய எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

1987-ல் நம் மாவட்டத்து எசாலத்தில் முதலாம் இராசேந்திர சோழன் செப்பேடுகள் கிடைத்தன. செப்பேடு எதுவாக இருந்தாலும், அதில் எழுதியிருக்கிறது என்பதற்காக அறிஞர்கள் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். எழுத்து வடிவம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா, ஆட்சியாண்டு மற்றக் கல்வெட்டுகளோடு ஒத்துப்போகிறதா, முத்திரை யாருடையது என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி சொல்ல வேண்டும். கணினிக்கும் இதே வழிதான்.

போலி ஏன் வருகிறது? பணம்தான். 1976-ல் வந்த ஆப்பிள்-1 மொத்தம் சுமார் 200தான் செய்யப்பட்டது. அன்றைய விலை 666.66 டாலர். 2014-ல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒன்று 9,05,000 டாலருக்குப் போனது. அது பெட்டி இல்லாத வெறும் சர்க்யூட் பலகை. ஆகவே பார்த்துச் செய்வதும் எளிது. "இது நகல்" என்று நேர்மையாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு. அதே பலகை இரண்டு கை மாறும்போது "நகல்" என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிடும்!

நமக்கு நெருக்கமான கணினி பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜ் ஏகான் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. மாடல் பி என்றால் நினைவகம் 32 கேபி. 1984-85-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்தது இதுதான். முதலில் சுமார் 250 பள்ளிகள். மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ஏகானோடு ஒப்பந்தம் செய்து 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் இதன் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆக, பிபிசி மைக்ரோ போலவே இருந்து பெயர் மட்டும் வேறாக இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது?

முதலில் சிப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8432 என்றால் 1984-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பலகையில் பற்றவைத்த சிப்புகளில் எது கடைசித் தேதியோ, அதற்கு முன் அந்தப் பலகை பிறந்திருக்க முடியாது. ஒரு பொறியும் உண்டு: 7404 என்பது அந்தச் சிப்பின் வகை எண். அதை 1974, நான்காவது வாரம் என்று வாசித்து ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது திரை. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வந்த படம் ஒரு சாட்சியே அல்ல. இன்றைய மடிக்கணினியிலும் அதை வரவழைக்கலாம். போட்டதும் 'ரிப்போர்ட்' என்று தட்டினால் 1981 அல்லது 1982 என்று ஆண்டு காட்டும். அது உள்ளே இருக்கும் பேசிக் மொழியின் உரிமை ஆண்டு. இயந்திரம் செய்த ஆண்டு என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

மூன்றாவது நிறம். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். அதனால் வெள்ளையாக இருப்பது போலிக்கு அடையாளம் இல்லை. மஞ்சளாக இருப்பது அசலுக்கு அடையாளமும் இல்லை.

பழுது பார்த்ததைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. பழைய பவர் சப்ளையின் கப்பாசிட்டர் மின்சாரம் கொடுத்ததும் புகைந்து வெடிக்கும். அதை மாற்றியிருந்தால் நல்ல வேலைதான். கோயிலுக்குக் குடமுழுக்கு செய்வதில்லையா? மாற்றியதை மறைத்தால்தான் குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி காகிதம். 2010-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓர் ஆப்பிள்-1, 1,33,250 பவுண்டுக்கு விற்றது. கூடவே அதன் அட்டைப்பெட்டி, ரசீது, ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய கடிதம் எல்லாம் இருந்தன. பொருளோடு அதன் பிறப்புச் சான்றும் வந்தது.

நம் ஊரில் நடப்பதோ வேறு. பள்ளியில் 'கண்டம்' செய்த பொருள் எடைக்குப் போகிறது. இருப்புப் பதிவேடு கரையானுக்குப் போகிறது. பெட்டியின் மேல் பெயிண்டில் எழுதிய பள்ளிப் பெயரையும் பதிவு எண்ணையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி, பளபளப்பாக்கி ஏலத்தில் வைக்கிறார்கள். அந்தக் கணினி எந்த ஊரில், எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது என்று காட்டும் ஒரே எழுத்து அதுதான். சுரண்டிய பிறகு அது ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டி.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, பழைய கணினியைக் கழிக்கும் முன் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். வாங்கும் பிள்ளைகளே, அந்தப் பெயிண்ட் எழுத்தை மட்டும் அழிக்காதீர்கள். அதுவும் ஒரு கல்வெட்டுதான்.