கட்டில் போய் மிஞ்சியது

தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'சானடோரியம்' இன்னும் இருக்கிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தில் டி.பி.க்கு வைத்தியம் என்றால் கட்டில், ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. மருந்துகள் வந்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. நோயாளிகள் எத்தனையோ மடங்கு, கட்டில்களோ கொஞ்சம். 1956-இல் இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்களும் உலக சுகாதார நிறுவனமும் சென்னை மாநில அரசும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு சானடோரியம். மற்றப் பிரிவுக்கு நெரிசலான சொந்த வீடு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும். 1959-இல் வந்த முடிவு மருத்துவ உலகைத் திகைக்கவைத்தது: அரைகுறைச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்.

ஊழியரின் கண்ணெதிரே மருந்தை விழுங்கச் சொல்வது நோயாளியை நம்பாத அதிகாரத்தின் வேலை என்பார்கள். சென்னையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சானடோரியத்தில் கட்டிலோடு நர்ஸும் இருந்தார். வேளாவேளைக்கு மருந்தைக் கையில் கொடுத்தார். கட்டில் தேவையில்லை என்று ஆனபோது நர்ஸும் கூடவே போய்விட்டார். பாஸோ வயிற்றைப் புரட்டும் மருந்து, நாளுக்குப் பல கிராம். உடம்பு தேறியதும் அதை நிறுத்தத் தோன்றுவது இயல்புதான். மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விடுபட்ட வேளைகள் தெரியவந்தன. ஆகவே வாரத்துக்கு இரண்டே நாள், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிடும் மையத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 1964-இல் வெளியான முடிவில், தினமும் தானே சாப்பிடும் முறைக்கு அது சளைத்ததாக இல்லை. போன நர்ஸை மலிவாகத் திரும்ப அழைத்த ஏற்பாடு இது. நோயாளிமேல் சந்தேகம் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் நடந்த குலுக்கல் முறை ஆய்வுகளில் மேற்பார்வையால் தனி லாபம் தெரியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் மருந்துமுறையும் மேற்பார்வையும் ஒன்றாகக் கலந்திருந்ததால் மேற்பார்வைக்கு மட்டும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1997 முதல் இந்தியாவில் பரவிய, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் டாட்ஸ் திட்டத்தில் வாரம் மூன்று முறை மருந்து. கூலியை விட்டுவிட்டு மையத்துக்கு வந்து நிற்பவருக்கு நர்ஸ் அருகே வந்ததாகவா தோன்றும்? 2017-இல் தினசரி மருந்துக்கு நாடு மாறியபின் அந்த வருகைக்கான காரணமும் தளர்ந்தது. இப்போது சில மாத்திரை அட்டைகளைப் பிரித்தால் உள்ளே ஒரு தொலைபேசி எண். மாத்திரை சாப்பிட்டதும் நோயாளி அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, வயிற்றுக்குள் போனதற்கு அல்ல. அழைப்பு வராத வீட்டுக்கு ஊழியர் நேரில்தான் போக வேண்டியிருக்கிறது.