அரிவாள்மணை: பெயரில் பாதி மரம்

பழைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். இரும்பின் வளைவு, கொல்லன் அடித்த தடம், முனையின் தேய்மானம். மரப்பிடி உளுத்திருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டுவிடுவார்கள். திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளின் பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் ஒன்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் பெயரில் பாதி மரம்.

‘வாள்’ என்றால் இன்று நமக்குப் போர்வாள்தான். பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். மரம் அறுக்கும் ரம்பத்தை ஈழத்தில் இன்றும் வாள் என்றே சொல்கிறார்கள். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, காவிரி வயலில் நெல் அரியும் வளைந்த இரும்பைக் ‘குயம்’ என்கிறது. கருவிக்குப் பெயர் வேறு, வினை மட்டும் அன்றைக்கே ‘அரிதல்’தான். குயம் வழக்கொழிந்தது. அரிதல் நிலைத்து, வாளோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய தடம் ஒரு நாயனார் பெயரில் கிடைக்கிறது. இறைவனுக்குக் கொண்டுபோன செந்நெல்லும் கீரையும் மாவடுவும் நிலவெடிப்பில் சிந்திவிட, கதிர் அரியும் கருவியைத் தன் கழுத்திலேயே பூட்டியவர் கணமங்கலத்துத் தாயனார். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவர் ‘வாட்டாயன்’. 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் ‘அரிவாட்டாயர்’. செய்யுள் கருதிய சுருக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும், கதிர் அரியும் கருவிக்கும் ‘வாள்’ என்ற ஒற்றைச் சொல் போதுமாயிருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சில் அரிவாள் ‘அருவா’ ஆயிற்று. அறுப்பதால் வந்த பெயர் என்று நினைத்துச் சிலர் ‘அறுவாள்’ என்றும் எழுதுகிறார்கள். அதைவிட வருத்தம் தருவது கடை விளம்பரங்களில் வரும் ‘அருவாமனை’. மனை என்றால் வீடு. இது மணை, உட்காரும் பலகை. கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் அதே மணை. கன்னடத்திலும் ‘ஈளிகெ மணெ’தான். தெலுங்கில் ‘கத்திப்பீட்ட’, பீடமும் ஆசனம்தான். மூன்று மொழியும் மரத்தை விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்றக் கத்திகளில் காய் கிடக்கும், கத்தி நகரும். இதில் கத்தி நிற்கும், காய் நகரும். மணையைக் காலால் அழுத்தி உட்கார்ந்துவிட்டால் இரண்டு கையும் காய்க்கு. பிடி செய்ய வேண்டிய வேலையை இங்கே மணை செய்கிறது.

வாழை விளையும் இந்தக் காவிரிக்கரையில் அரிவாள்மணையின் பெருமை வாழைத்தண்டு நறுக்கும்போது தெரியும். வில்லை விழும்போதே நார் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே அடுத்த வில்லை. கறுத்துவிடாமலிருக்க உடனே மோர்த்தண்ணீர். அலகில் பட்ட கறையைப் புளியால் தேய்த்து எடுத்துவிடலாம். மணையில் இறங்கிய வாழைக்கறை போகவே போகாது. இரும்பு சாணைக்குப் போய்வரும்போதெல்லாம் தன் பழைய தழும்புகளை இழந்துவிடும். பாதம் அழுத்திய வழவழப்பு, அலகின் அடியில் கறுத்த கோடு, தேங்காய் துருவும் பல்லுக்கு நேர்கீழே எண்ணெய் ஊறிய இடம், இவையெல்லாம் மரத்தில்தான் தங்கும்.

ஸ்ரீரங்கத்து வைணவ வீடுகளில் இந்தக் கருவியின் முன் உட்கார்ந்தவர் காயை அரிவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை, ‘திருத்துகிறார்’. பெருமாளுக்குப் போவதை வெட்டினேன் என்று சொல்ல நா எழாது. கழனி திருத்துவது போல, அமுதாவதற்குக் காயைத் தகுதியாக்குவது அந்தச் சொல். சமைத்தபின் அது கறியமுது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். கருவியின் பெயரில் ‘அரி’ இருக்க, அதைக் கையாள்பவர் வாய் அந்த வினையைத் தொடாமல் விலகுவது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இப்போது எவர்சில்வர் தகட்டில் மடக்கு அலகு வைத்து, மேடையில் திருகி மாட்டும்படியும் விற்கிறார்கள். மரம் போய்விட்டது, பெயரில் மணை இருக்கிறது. அதனால்தான் பழையது கையில் கிடைத்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உப்புத்தாள் போட்டுக் கறையை எடுக்காதீர்கள். அந்த வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், அதில் அரிந்தார்களா, நறுக்கினார்களா, திருத்தினார்களா, மணை பலாவா தேக்கா என்று சீட்டில் எழுதிக் கட்டுங்கள். மணையை மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள்.